பாடியில் பிறந்த அலை

திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூர் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் "லூகாஸ் எறங்கு, லூகாஸ்" என்று குரல் கொடுப்பார். சென்னைப் பாடியில் அது ஒரு பஸ் நிறுத்தம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. இங்கிலாந்தின் பர்மிங்காமில், கப்பலுக்கும் சைக்கிளுக்கும் விளக்கு செய்து விற்றுப் பெரியவரானவர் ஜோசப் லூகாஸ். அவர் தொடங்கிய கம்பெனியும், மதுரைப் பக்கம் பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமமும் கைகோத்து 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை பாடியில் அமைந்தது. அதே காலத்தில் பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் இங்கேயே வந்தன. ஒரு லாரிக்குச் சக்கரமும் பிரேக்கும் மின்சாரமும் ஒரே ஊரிலிருந்து கிடைத்தன என்று சொன்னால் மிகையில்லை. சம்பந்தர் பதிகம் பெற்ற திருவலிதாயமும் இதே பாடிதான். கோயில் மணிக்கும் ஷிப்ட் சங்குக்கும் சேர்ந்து எழுந்து பழகிய ஊர்.

நான் எழுதப் போவது கம்பெனியின் கதையை இல்லை. இந்தச் சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக லாரியேறிப் போகிற ஒரு சாமானின் கதையை. இரண்டு கைகளுக்குள் அடங்கும், ஐந்தாறு கிலோ எடை இருக்கும், பெயர் ஆல்டர்னேட்டர். அதன் வயிற்றுக்குள் ஒரு அலை இருக்கிறது. அந்த அலையை நான் முதலில் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு என் பழைய காரில் பாட்டுப் போட்டால் பாட்டோடு சேர்ந்து ஓர் உறுமல் வர ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறுமல் மேலே ஏறும், விட்டால் இறங்கும். ராத்திரியில் பார்த்தால் டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக் மினுக் என்று மங்கலாக எரிந்தது. கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பத்துக்குப் பத்து அறையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக் கடை உண்டு. போர்டில் ‘டைனமோ, செல்ஃப், வயரிங்’ என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கர் சரியில்லை போலிருக்கிறது என்று நான் ஆரம்பித்ததும் கடைக்காரர் கையமர்த்தினார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு தம்பி. பாடுறது உன் டைனமோ. உள்ள ஒரு டயோடு படுத்துருச்சு."

"அதெப்படிண்ணே சத்தத்துலயே தெரியுது?"

"முப்பது வருசமா இதைத்தானே கேக்குறேன். கழட்டுறேன், நீயே பாரு."

பெல்ட்டைத் தளர்த்தினார், அவர் டைனமோ என்று சொன்ன ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார், நீள போல்ட்டுகளை எடுத்ததும் அலுமினிய மூடிகள் இரண்டாகப் பிரிந்தன. உள்ளே இரண்டே பொருள்கள்தான். சுழல்வது ஒன்று, சும்மா இருப்பது ஒன்று.

சுழல்வது ரோட்டர். இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு பக்கத்து இரும்புத் தட்டிலிருந்து ஆறு கூர் விரல்கள், எதிர்ப்பக்கத்துத் தட்டிலிருந்து ஆறு. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்து நிற்கும், தொடாது. நடுவில் ஒரு செம்புக்கம்பிச் சுருள். தண்டின் ஒரு முனையில் வழவழவென்று இரண்டு செம்பு வளையங்கள். அவற்றின் மேல் உரசி நிற்கும் கார்பன் வழியாகச் சுருளுக்குள் மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரம் போகிறது. உடனே ஒரு பக்கத்து ஆறு விரல்களும் வடதுருவம், மறுபக்கத்து ஆறும் தென்துருவம். சுற்றிவரப் பார்த்தால் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று பன்னிரண்டு துருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

சும்மா இருப்பது ஸ்டேட்டர். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு வளையம். உட்புறம் 36 காடிகள், காடிகளுக்குள் வார்னிஷ் குடித்த செம்புக்கம்பி. தகடாக அடுக்குவதற்குக் காரணம் உண்டு. முழு இரும்பாக இருந்தால் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தம் அந்த இரும்புக்குள்ளேயே சுழல் மின்சாரத்தை எழுப்பும், அத்தனையும் சூடாகப் போகும். தகடு தகடாகப் பிரித்தால் அந்தச் சுழலுக்கு ஓட இடமில்லை.

கடைக்காரர் ரோட்டரை உள்ளே வைத்துக் கையால் சுற்றினார். விரல்களுக்கும் வளையத்துக்கும் இடையே நூலிழை இடைவெளி. எதுவும் எதையும் தொடவில்லை. கம்பிக்கு முன்னால் வடக்கு வந்து போகிறது, தெற்கு வந்து போகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. அந்த ‘வந்து போவதில்’ மின்சாரம் பிறக்கிறது என்று 1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டார். காந்தம் சுருளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. நெருங்கினால் ஒரு பக்கமாக மின்சாரம், விலகினால் எதிர்ப்பக்கமாக. மாற்றம்தான் மின்சாரத்தின் தாய்.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். மாறும் என்பது சரி. ஏன் அலையாக மாறுகிறது? படீரென்று இந்தப் பக்கம், படீரென்று அந்தப் பக்கம் என்று மாறாமல், மெல்ல ஏறி, உச்சியில் தயங்கி, மெல்ல இறங்கி, சுழியைக் கடந்து, மறுபக்கம் போய் ஏன் திரும்புகிறது?

தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் ஏறியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ராட்டினம் ஒரே சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் உச்சியில் இருக்கும்போது உங்கள் பெட்டி பக்கவாட்டில் நகர்கிறதே தவிர, உயரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கால்வட்டம் சுற்றிப் பக்கத்துக்கு வந்ததும் நேர்க்குத்தாக இறங்குகிறது. தரை மளமளவென்று நெருங்குவது அங்கேதான். அடிக்கு வந்தால் மறுபடி பக்கவாட்டு நகர்ச்சி. பிறகு எதிர்ப்பக்கத்தில் நேர்க்குத்தாக ஏற்றம். வேகம் ஒன்றே, திசைதான் கணத்துக்குக் கணம் திரும்புகிறது. இப்போது அந்தப் பெட்டியை ஒரு கம்பியாகவும், மைதானத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குக் காந்தக் கோடுகள் படுக்கையாக ஓடுவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் கம்பி அந்தக் கோடுகளின் கூடவே நழுவுகிறது, ஒன்றையும் வெட்டவில்லை, மின்சாரம் சுழி. பக்கத்தில் குறுக்கே வெட்டுகிறது, மின்சாரம் உச்சம். அடியில் மறுபடி சுழி. ஏறும் பக்கத்தில் மறுபடி உச்சம், ஆனால் திசை மாறி. ஒரு சுற்றுக்கு ஓர் அலை.

அந்த அலையின் வடிவத்தை நம் நாட்டில் ஒருவர் எண்ணாகவே எழுதி வைத்துவிட்டுப் போனார். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபடர் கால்வட்டத்தை 24 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அரைநாணின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்று வரிசையாகத் தந்தார். ஆரம் 3438 என்று வைத்துக்கொண்டார். முதல் துண்டில் 225 கூடும். அடுத்து 224, பிறகு 222, 219. நடுவழியில் 164, 154. கடைசியில் 37, 22, 7. முதல் எட்டுத் துண்டுகளைக் கூட்டினால் 1719, அதாவது ஆரத்தில் சரிபாதி. அடுத்த எட்டில் 1259. கடைசி எட்டில் வெறும் 460. ஆல்டர்னேட்டர் கம்பியில் வோல்டேஜ் ஏறும் கணக்கும் இதேதான். சுழியிலிருந்து முதல் 30 பாகை திரும்புவதற்குள் உச்சத்தில் பாதி வந்துவிடும், அடுத்த 30 பாகையில் நூற்றுக்கு 87 பங்கு ஆகிவிடும், மீதி 13 பங்குக்கு இன்னொரு முழு 30 பாகை வேண்டும். ஆரியபடர் வானத்துக் கோள்களுக்காகக் கணக்கிட்டார். அவருடைய வடமொழி ‘ஜ்யா’, வில்லின் நாண், அரபுக்குப் போய், அங்கே வேறு சொல்லாக வாசிக்கப்பட்டு, லத்தீனில் ‘சைனஸ்’ ஆகி, சைன் என்று நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது. நம் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் நாண் என்ற பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. பாடியில் சுழல்வது அந்த நாண்தான் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கார் ஆல்டர்னேட்டரில் பிறப்பது கோடு கிழித்த சைன் அலை இல்லை. விரல் வடிவத் துருவங்களும் காடிகளும் அலையின் தோளைக் கொஞ்சம் நெளித்துவிடும். மின் நிலையத்து ஜெனரேட்டரில் சுருளைப் பல காடிகளில் பரப்பிச் சுற்றி, சுருளின் அகலத்தைத் துருவத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, அந்த நெளிவுகளை ஒன்றுக்கொன்று அடித்துப்போகச் செய்கிறார்கள். அங்கே சைன் அலை தானாக வருவது பாதி, வயண்டிங் வேலையின் நுணுக்கத்தால் வருவது மீதி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கு ஓர் அலை என்றேன். மேஜையில் இருந்த ரோட்டரில் ஆறு ஜோடித் துருவங்கள், ஆகவே ஒரு சுற்றுக்கு ஆறு அலைகள். கம்பியும் ஒன்றில்லை, மூன்று தனித்தனிச் சுருள்கள். ஒன்றின் அலை மூன்றில் ஒரு பங்கு தூரம் போன பிறகு அடுத்ததன் அலை கிளம்பும், அதன் பின்னால் மூன்றாவது. அதுதான் மூன்று ஃபேஸ். எந்தக் கணத்தில் மூன்றையும் கூட்டினாலும் விடை சுழி. பன்னிரண்டு துருவங்களை மூன்றால் பெருக்கினால் 36, காடிகளின் எண்ணிக்கைக்கு அதுதான் கணக்கு.

ஆனால் பேட்டரிக்கு அலை ஆகாது. போன மின்சாரம் அடுத்த கணமே திரும்பி வந்தால் பேட்டரி எப்படி நிறையும்? அதற்காகத்தான் பின்மூடியில் குதிரை லாடம் போல ஒரு தட்டு, அதில் டயோடுகள். ஒருவழிப் பாதையில் போலீஸ்காரர் நிற்பது போல நின்று, போகிற பக்கம் மட்டும் விடும். மூன்று சுருளுக்கு இரண்டிரண்டாக ஆறு. அலையின் கீழ்ப்பாதியைத் தலைகீழாகத் திருப்பி மேலே வைத்துவிடும். மூன்று அலைகளின் முகடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பதால், ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது உச்சிக்கு வந்துவிடுகிறது. பள்ளம் எவ்வளவு இறங்கினாலும் உச்சத்தில் 87 பங்குக்குக் கீழே போகாது. ஆரியபடரின் பட்டியலில் முதல் பதினாறு துண்டுகளைக் கூட்டினால் வருவதும் ஆரத்தில் அதே 87 பங்குதான். கிட்டத்தட்ட நேர்கோடு, 14 வோல்ட்.

என் காரில் ஆறில் ஒன்று செத்துவிட்டது. முகடுகளின் வரிசையில் ஒரு பல் விழுந்த ஓட்டை. ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை அந்த ஓட்டை வரும். எஞ்சின் நிதானமாக நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது, புல்லியின் அளவு வித்தியாசத்தால் ஆல்டர்னேட்டர் அதைப் போல இரண்டரை மடங்கு, ஏறக்குறைய 1,900 சுற்று ஓடும். நொடிக்கு 32 சுற்று, சுற்றுக்கு ஆறு அலை, ஆக நொடிக்கு 190 அலை. மனிதக் குரலின் எல்லைக்குள் வருகிற சத்தம் அது. அதனால்தான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்டது, ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அண்ணன் காதால் கண்டுபிடித்தது இதைத்தான். அவர் கணக்குப் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை. டயோடு தட்டை மாற்றி, சால்டரிங் வைத்து, மறுபடி பூட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, எஞ்சின் ஓடியதும் சுத்தமாக அணைந்தது. உறுமல் இல்லை.

அந்தச் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். பல வண்டிகளில், சாவி போட்டதும் ரோட்டருக்குள் முதல் சொட்டு மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அதைக் கொண்டு காந்தம் உயிர் பெறுகிறது, சுழல்கிறது, சொந்தமாக மின்சாரம் எடுக்கிறது. பல்பின் இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானதும் அதன் வழியே ஓட ஒன்றும் இல்லாமல் விளக்கு அணைகிறது. குழந்தை நடக்கப் பழகியதும் அம்மா கையை விடுவது போல.

டைனமோ என்ற பெயருக்கு வருகிறேன். அண்ணன் கடைசிவரை ஆல்டர்னேட்டர் என்ற சொல்லைச் சொல்லவேயில்லை. பழைய அம்பாசிடரிலும் லாரியிலும் இருந்தது உண்மையிலேயே டைனமோதான். அதற்குள்ளும் இதே அலைதான் பிறந்தது, இது பலருக்குத் தெரியாது. ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்கு மறுவருடமே, 1832இல், பாரிஸில் கருவி செய்கிற ஹிப்போலிட் பிக்ஸி ஒரு குதிரைலாடக் காந்தத்தைக் கைப்பிடியால் சுற்றி, மேலே தொங்கிய சுருள்களில் மின்சாரம் எடுத்தார். அரைச்சுற்றுக்கு ஒருமுறை அது திசை மாறுவதைக் கண்டு அது ஒரு குறை என்றே நினைத்தார். அந்தக் காலத்தில் மின்சாரம் என்றால் பேட்டரி மின்சாரம், ஒரே பக்கம் ஓட வேண்டும். இயற்பியலாளர் ஆம்பியர் யோசனை சொல்ல, காமுடேட்டர் வைத்து அலையை நிமிர்த்தினார். பிறகு வண்டிகளில் டைனமோ வந்தபோதும் இதே ஏற்பாடுதான். சுழலும் ஆர்மேச்சரில் அலை பிறக்கும், பிறந்த கையோடு செம்புத் துண்டுகளும் கார்பனும் உரசி அதை வெட்டி நிமிர்த்தும்.

அந்த உரசல்தான் டைனமோவின் நோய். வண்டிக்கு வேண்டிய முழு மின்சாரமும் சுழலும் காமுடேட்டரிலிருந்து உரசி வர வேண்டும். தீப்பொறி பறக்கும், கார்பன் தேயும், செம்பு கறுக்கும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் ஆர்மேச்சர் கம்பிகள் பிய்ந்து வெளியே வரும். அதனால் பெரிய புல்லி வைத்து மெதுவாகச் சுற்ற விட்டார்கள். மெதுவாகச் சுற்றினால் நெரிசலில் வண்டி நிற்கும்போது சார்ஜ் ஏறாது. மவுண்ட் ரோடு சிக்னலில் நின்ற அந்தக் கால டாக்சிகளின் ஹெட்லைட் மங்கியது இதனால்தான். சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைத்ததும் கதை திரும்பியது. அமெரிக்காவில் 1960இல் கிரைஸ்லர் தன் கார்களில் ஆல்டர்னேட்டரை வைத்தது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள், பாடியிலும் டைனமோ மெல்ல விடைபெற்றது. ஆல்டர்னேட்டரில் அதிக மின்சாரம் நிலையாக நிற்கும் ஸ்டேட்டரில் பிறந்து, உரசல் எதுவும் இல்லாமல் கம்பி வழியாகவே வெளியே வருகிறது. கார்பன் சுமப்பது ரோட்டருக்கான மூன்று நான்கு ஆம்பியர் மட்டும். அது பல வருடம் தாங்கும்.

பாடியில் பிறக்கும் இந்தச் சாமானில் ஒரே ஊரின் கைகள் மட்டும் இல்லை. பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் தொடங்கியது. அங்கே சிறு பட்டறைகளில் ஸ்பிரிங் சுற்றுகிறவர்கள், புஷ் கடைகிறவர்கள், அலுமினியம் வார்க்கிறவர்கள், தகடு அடிக்கிறவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே வண்டிச் சாமான்களுக்காக உழைக்கிறது. காலை ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோவில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய விரல் படாத வாகனம் இந்த நாட்டுச் சாலையில் குறைவு.

பிறகு பயணம். லாரிக்கு என்றால் 24 வோல்ட் பேட்டரி, ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தர வேண்டும். எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை, அங்கிருந்து நாமக்கல்லோ சங்ககிரியோ. ராத்திரி முழுக்க ஹெட்லைட், ஹாரன், நெற்றியில் சாமி படத்துக்குச் சீரியல் லைட். லோடு கூடக்கூட ஆல்டர்னேட்டர் எஞ்சினைப் பிடித்து இழுக்கும். சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இது காலில் தெரியும். லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் டைனமோவை டயரில் சாய்த்துவிட்டால் பெடல் கனக்கும். மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தால் பல்பு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து துடிக்கும். அலை உச்சிக்குப் போய் சுழிக்கு வருவதை நாங்கள் சிறுவயதில் கண்ணால் பார்த்தோம், அதன் பெயர்தான் தெரியாது. பெடல் கனத்ததற்குப் பெயர் லென்ஸ் விதி. வெளிச்சம் இலவசமாக வராது, காலோ டீசலோ கொடுத்தே ஆக வேண்டும்.

வண்டி ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப ஆல்டர்னேட்டரின் அலைகள் நெருங்கும், விலகும். கொரட்டூர் துணைமின் நிலையத்துக்கு வருகிற அலைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மின் நிலையத்தில் இரண்டு துருவ ரோட்டர் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, நொடிக்கு 50 அலை. 2013ஆம் வருடம் டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழியாகத் தென்னகத்து மின்கட்டமைப்பு வடக்கோடு இணைந்தது. அன்றிலிருந்து வடசென்னையில் சுழலும் ரோட்டரும் வடநாட்டுக் கோடியில் சுழலும் ரோட்டரும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. மின்வெட்டு வாட்டிய வருடங்களில் எஸ்டேட் முழுக்க டீசல் ஜெனரேட்டர்கள் முழங்கியது பலருக்கு நினைவிருக்கும். அவை நான்கு துருவம், 1500 சுற்று, அதே 50. பெரிய மெஷின் ஒன்றைப் போட்டதும் ஜெனரேட்டர் ஒரு கணம் திணறி, கரும்புகை விட்டு, மறுபடி நிமிரும். சைக்கிள் பெடல் கனத்த அதே விதி.

நம் ஆல்டர்னேட்டருக்கு முதுமை வரும். பேரிங் கூச்சலிடும், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் அண்ணன் மாற்றுவார். கார்பன் தேயும், மாற்றுவார். ஸ்டேட்டர் எரியும், கம்பி மாற்றிக் கட்டுவார். இரண்டு மூன்று வண்டிகள் மாறும். கடைசியில் பெரும்பாலும் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டை. அங்கே அலுமினியம் தனி, இரும்பு தனி, செம்பு தனி, எல்லாம் எடைக்கு. செம்பு உருகி எங்கோ மறுபடி கம்பியாகும். பிறந்த பாடியிலிருந்து புதுப்பேட்டை பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் அது சுற்றியது பல லட்சம் கிலோமீட்டர்.

பள்ளி இயற்பியலில் மாறுதிசை மின்னோட்டத்துக்கு வழக்கமாக வரைகிற படத்தில் ஒரு காந்தத்துக்கு நடுவே ஒற்றைச் சுருள் சுற்றுகிறது. பக்கத்தில் நழுவு வளையம், தூரிகை என்று பெயர் குறித்திருக்கும். பாடி, கொரட்டூர், அம்பத்தூர்ப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, படம் வரைந்து, மதிப்பெண் வாங்குகிறார்கள். நழுவு வளையம் என்பதும் அப்பா பட்டறையில் ஸ்லிப் ரிங் என்று சொல்வதும் ஒன்றுதான், தூரிகை என்பது கடையில் கார்பன் என்று கேட்டு வாங்குவதுதான் என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? வீட்டில் தெரிந்ததும் பள்ளியில் படிப்பதும் ஒரே பொருள் என்று தெரியாமலே ஒரு பிள்ளை பெரியவனாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவே கூடாது.

ஆகவே இந்தப் பக்கத்து இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்பேட்டையிலோ பக்கத்து மெக்கானிக் கடையிலோ ஒரு பழைய ஆல்டர்னேட்டரை எடைக்கு வாங்குங்கள். டயோடு தட்டைக் கழற்றிவிடுங்கள். கார்பன் இரண்டுக்கும் ஒரு டார்ச் செல்லைக் கொடுங்கள். ஸ்டேட்டரின் ஒரு சுருளை, ஒரு மின்தடையைத் தொடரிணைப்பில் சேர்த்து, பள்ளிக் கால்வனாமீட்டரில் மாட்டுங்கள். பின்வரிசைப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, புல்லியை மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். முள் ஆறு முறை வலப்பக்கம் போகும், ஆறு முறை இடப்பக்கம் வரும்.